குழந்தைக்குப் போலீசைக் காட்டிப் பயமுறுத்தலாமா?

பஸ் நிலையம். நல்ல கூட்டம். நான்கு வயதுப் பையன் ஒருவன் ஐஸ்கிரீம் கேட்டு அழுகிறான். தரையில் புரளுகிறான். தாய் கெஞ்சிப் பார்க்கிறாள். மிரட்டிப் பார்க்கிறாள். ஒன்றும் பலிக்கவில்லை. சற்றுத் தள்ளி ஒரு போலீஸ்காரர் நிற்கிறார்.

"அதோ பார், போலீஸ்! உன்னைப் பிடித்துக் கொடுத்துவிடுவேன். ஜெயிலில் போட்டுவிடுவார்!"

பையன் கப்பென்று வாயை மூடிக்கொள்கிறான். தாயின் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறான். அழுகை நின்றுவிட்டது. தாய்க்கு நிம்மதி.

எந்த ஊர் பஸ் நிலையம் என்று கேட்கவேண்டியதில்லை. எல்லா ஊரிலும் நடப்பதுதான். சாப்பிடாத குழந்தைக்கும் போலீஸ். தூங்காத குழந்தைக்கும் போலீஸ். ஒரு காலத்தில் பூச்சாண்டி பார்த்த வேலையை, இப்போது போலீஸ்காரர் தலையில் கட்டிவிட்டார்கள்!

அதே பையன் மறுவாரம் திருவிழாக் கூட்டத்தில் தாயின் கையை விட்டுவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் தெரியாத முகங்கள். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் அவனைப் பார்த்துவிடுகிறார். "தம்பி, இங்கே வா" என்று கையை நீட்டுகிறார். பையன் என்ன செய்வான்?

ஓடுவான். போலீஸ்காரர் இல்லாத பக்கமாகப் பார்த்து ஓடுவான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ரெயில் ஏறும் பிள்ளைகள்

ரெயில்வே பாதுகாப்புப் படையினர் ரெயில் நிலையங்களிலும் ரெயில்களிலும் தனியே திரியும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து மீட்கிறார்கள். 2018-ம் ஆண்டு முதல் 2024-ம் ஆண்டு மே மாதம் வரை இப்படி மீட்கப்பட்ட பிள்ளைகள் 84 ஆயிரத்து 119 பேர்.

இதில் 2018-ம் ஆண்டுக் கணக்கை மட்டும் பிரித்துப் பார்த்தால் ஒரு உண்மை தெரிகிறது. அந்த ஆண்டு மீட்கப்பட்டவர்கள் 17 ஆயிரத்து 112 பேர். அவர்களில் கடத்தப்பட்டவர்கள் எத்தனை பேர்? 87 பேர்! வீட்டை விட்டுத் தாங்களாகவே ஓடி வந்தவர்கள் 13 ஆயிரத்து 187 பேர்.

பிள்ளை பிடிக்கிறவன் சாக்குப் பையுடன் வருவான் என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். கணக்கு வேறு கதை சொல்கிறது. மார்க் குறைந்தது, அப்பா அடித்தார், சித்தி திட்டினாள், பட்டணத்தைப் பார்க்க ஆசை... பிள்ளை ரெயில் ஏறிவிடுகிறது.

ஏறிய பிறகு பசிக்கிறது. இருட்டுகிறது. அப்போது இரண்டு பேர் அந்தப் பிள்ளையைத் தேடி வரக்கூடும். ஒருவன் தரகன். பிஸ்கட் வாங்கித் தருவான். "வேலை வாங்கித் தருகிறேன், சம்பளம், சாப்பாடு" என்பான். சிரித்துப் பேசுவான். இன்னொருவர் போலீஸ்காரர். அவர் சிரிப்பதில்லை. பெயர் என்ன, ஊர் என்ன என்று கேட்பார். தரகன் கையில் சிக்கிய பிள்ளை ஏதாவது ஒரு பட்டறைக்கோ, அதைவிட மோசமான இடத்துக்கோ போய்ச் சேரும். போலீஸ்காரர் கண்ணில் பட்ட பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோய் நிறுத்தவேண்டும் என்பது சட்டம். வீட்டுக்கு அனுப்புவதா, வீட்டில் கொடுமையா, காப்பகத்தில் வைப்பதா என்று அந்தக் குழு விசாரித்து முடிவு செய்யும்.

நான்கு வயதிலிருந்து "போலீஸ் பிடிக்கும்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, இந்த இருவரில் யாரிடம் போகும்?

பயம் எங்கிருந்து வந்தது?

தாய்மார்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்தப் பயத்துக்கு வயது அதிகம். வெள்ளைக்காரன் ஆட்சியில், 1859-ம் ஆண்டில், சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் வந்தது. ஆள்கிறவர்களைக் காப்பதுதான் அன்றைய போலீசின் முதல் வேலை. ஜனங்கள் பயந்தார்கள். பயந்தவர்கள் தங்கள் பிள்ளைகளையும் பயப்பட வைத்தார்கள்.

சுதந்திரம் வந்த பிறகும் பயத்துக்குக் காரணம் இல்லாமல் போகவில்லை. 2020-ம் ஆண்டு ஜூன் மாதம், சாத்தான்குளம் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். நாடே கொதித்தது. சி.பி.ஐ. விசாரித்து, போலீஸ்காரர்கள் மீதே கொலைக் குற்றம் சாட்டியது. அதைப் பத்திரிகையில் படித்த ஒரு தாய், "போலீஸ் மாமா ரொம்ப நல்லவர்" என்று பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவாள்?

நியாயமான கேள்விதான். நல்லவர் என்று சொல்லித் தரவேண்டாம். கெட்டவர் என்றும் சொல்லவேண்டாம். அவருக்கு என்ன வேலை, எதை அவர் செய்தாக வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று சொல்லிக்கொடுத்தால் போதும். ரெயில் டிரைவரைப் பற்றிச் சொல்வது போல, தபால்காரரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னால் குழந்தைக்குப் புரியும்.

வெறும் பயம் வளர்ந்த பிறகும் விடுவதில்லை. "டிஜிட்டல் கைது" என்ற பெயரில் நடக்கும் மோசடியைப் பாருங்கள். செல்போனில் வீடியோ அழைப்பு வருகிறது. அதில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன் தெரிகிறான். பின்னால் போலீஸ் நிலையம் போல ஜோடனை. "உங்கள் பெயரில் போதைப் பொருள் பார்சல் வந்திருக்கிறது. உங்களைக் கைது செய்துவிட்டோம். அறையை விட்டு நகரக் கூடாது" என்கிறான். படித்தவர்கள், பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள்கூட நடுநடுங்கி, பாங்கில் இருந்த பணத்தையெல்லாம் அனுப்பிவிட்டார்கள்! அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது என்று 2024-ம் ஆண்டு அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொல்லவேண்டியதாயிற்று. போலீஸ்காரர் வேலை என்ன என்று தெரிந்தவர் இதில் ஏமாறமாட்டார். இப்படிப் பணம் பறிகொடுத்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணில் சொல்லவேண்டும்.

போலீஸ் நிலையத்துக்குள்ளே

வாசலில் காவல் நிற்பவருக்குப் "பாரா" என்று பெயர். உள்ளே மேஜை நிறைய நோட்டுகளும் காகிதங்களுமாக உட்கார்ந்திருப்பவர் "ரைட்டர்". கதை எழுதுகிற ரைட்டர் அல்ல. ஆனால் ஊரில் உள்ள கதையெல்லாம் அவர் கைக்குத்தான் வந்து சேருகிறது. இப்போது கம்ப்யூட்டரிலும் தட்டுகிறார்.

யார் யார் என்ன உத்தியோகம் என்பதைச் சட்டையே சொல்லிவிடும். சாதாரணக் காவலர் சட்டையில் பட்டை இராது. மேல் கையில் இரண்டு பட்டை போட்டவர் முதல் நிலைக் காவலர். மூன்று பட்டை போட்டவர் ஏட்டு. தோளில் இரண்டு நட்சத்திரம் இருந்தால் சப்-இன்ஸ்பெக்டர். மூன்று நட்சத்திரமும் அதன் கீழே சிவப்பு, நீல நாடாவும் இருந்தால் இன்ஸ்பெக்டர். நெஞ்சில் பெயர் எழுதிய வில்லை இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த குழந்தைக்கு இது நல்ல விளையாட்டு. பெயர் வில்லையைப் பார்த்துப் பேசப் பழகிய பிள்ளையை எவனும் சுலபமாக ஏமாற்ற முடியாது.

தமிழ்நாட்டுப் போலீசில் பெண்கள் சேர்ந்தது 1973-ம் ஆண்டில். பெண்களே நடத்தும் முதல் போலீஸ் நிலையம் 1992-ம் ஆண்டில் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. இன்று மாநிலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட மகளிர் போலீஸ் நிலையங்கள் இருக்கின்றன. பெண் பிள்ளைகளுக்கு அந்த இடத்தை ஒரு முறை வெளியிலிருந்தாவது காட்டி வைப்பது நல்லது.

பெற்றோருக்கும் ஒரு விஷயம். பிள்ளை காணாமல் போய்ப் புகார் கொடுக்கப் போனால், "பாட்டி வீட்டுக்குப் போயிருப்பான், ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் வழக்கம் முன்பு இருந்தது. 2006-ம் ஆண்டின் கடைசியில், டெல்லிக்குப் பக்கத்திலுள்ள நிதாரி என்ற ஊரில் பல குழந்தைகளின் எலும்புகள் சாக்கடையில் கிடைத்தன. தங்கள் பிள்ளைகளைக் காணோம் என்று அந்த ஏழைப் பெற்றோர்கள் அதற்கு முன்பே போலீசில் முறையிட்டிருந்தார்கள். கேட்பாரில்லை.

2013-ம் ஆண்டு மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பாக உத்தரவிட்டது. பிள்ளையைக் காணோம் என்று புகார் வந்தால் உடனே வழக்குப் பதியவேண்டும். மாறாகத் தெரியும் வரை, கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு தேடவேண்டும். "இது எங்கள் எல்லை அல்ல" என்றும் சொல்ல முடியாது. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் வழக்குப் பதியலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கொடுக்கவேண்டும்.

ஜெயிலில் போட முடியுமா?

பஸ் நிலையத்தில் அந்தத் தாய் சொன்னாளே, "ஜெயிலில் போட்டுவிடுவார்" என்று. அது சட்டப்படியே பொய்!

18 வயது நிரம்பாத பிள்ளை குற்றமே செய்திருந்தாலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஜெயிலிலும் போடக் கூடாது. 2015-ம் ஆண்டில் இயற்றப்பட்ட இளைஞர் நீதிச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பிள்ளைகள் விஷயத்தைக் கவனிக்க ஒவ்வொரு போலீஸ் நிலையத்திலும் குழந்தைகள் நலப் போலீஸ் அதிகாரி என்று ஒருவர் இருக்கவேண்டும் என்றும் அது சொல்கிறது. உள்ளே போய் "அவர் யார்?" என்று பெயரைக் கேட்க யாருக்கும் உரிமை உண்டு. அதே அதிகாரிதான் பந்தோபஸ்துக்கும் போகிறார், கோர்ட்டுக்கும் போகிறார், தேர்த் திருவிழாவுக்கும் போகிறார். குழந்தை வரும் நேரத்தில் அவர் நாற்காலியில் இருக்கவேண்டுமே! சட்டம் போட்டவர்கள் ஆளையும் கூடுதலாகப் போட்டிருக்கலாம்.

போக்சோ சட்டம் 2012-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி, குழந்தைகள் தினத்தன்று, அமலுக்கு வந்தது. குழந்தைகளிடம் தகாத முறையில் நடப்பவர்களைத் தண்டிக்கும் சட்டம் அது. இதில் போலீசாருக்கு விதித்திருக்கும் கட்டளைகள் பலருக்குத் தெரியாது. பாதிக்கப்பட்ட குழந்தையைப் போலீஸ் நிலையத்துக்கு இழுத்தடிக்கக் கூடாது. குழந்தை இருக்கும் வீட்டுக்கோ, அது விரும்பும் இடத்துக்கோ போய்த்தான் வாக்குமூலம் வாங்கவேண்டும். கூடியவரை பெண் சப்-இன்ஸ்பெக்டரோ, அதற்கு மேற்பட்ட பெண் அதிகாரியோ வரவேண்டும். முக்கியமாக, அப்போது அவர் காக்கி உடுப்பில் வரக் கூடாது! குழந்தை நம்பும் ஒருவர் கூட இருக்கவேண்டும். எந்தக் காரணத்தைச் சொல்லியும் குழந்தையை இரவில் போலீஸ் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. அதன் பெயரையோ படத்தையோ பத்திரிகையில் வெளியிடக் கூடாது.

காக்கியைக் கண்டால் குழந்தை பயப்படும் என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. அதனால்தான் சட்டையைக் கழற்றிவிட்டு வரச் சொல்கிறது. வீட்டில் இருப்பவர்களோ அந்தச் சட்டையைக் காட்டியே சோறு ஊட்டுகிறார்கள்!

தெரிந்த முகம்

"தெரியாதவரிடம் பேசாதே" என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். நல்ல பேச்சுத்தான், ஆனால் பாதிப் பேச்சு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் புள்ளிவிவரங்களின்படி, போக்சோ சட்டப்படி பதிவாகும் பலாத்கார வழக்குகளில், நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர்! உறவுக்காரர், அடுத்த வீட்டுக்காரர், வீட்டுக்கு வந்து போகும் சிநேகிதர்...

ஆகையால் குழந்தைக்குச் சொல்லவேண்டியது ஆளைப் பற்றி அல்ல, செய்கையைப் பற்றி. உடுப்பு மறைக்கும் இடத்தைக் குளிப்பாட்டும் அம்மாவோ, அம்மா பக்கத்தில் இருக்கும்போது டாக்டரோ தவிர வேறு யாரும் தொடக் கூடாது. "இதை அம்மாவிடம் சொல்லாதே" என்று யாராவது சொன்னால், அதைத்தான் முதலில் அம்மாவிடம் சொல்லவேண்டும். அம்மா நம்பவில்லையா? பாட்டியிடம், டீச்சரிடம், யாராவது ஒருவர் நம்பும் வரை சொல்லவேண்டும். போனில் விளையாடும்போது "உன் படம் அனுப்பு" என்று கேட்கிறவர்களுக்கும் இதே விதிதான். பன்னிரண்டு வயதுச் சிறுமி என்று சொல்லிக்கொண்டு பேசுகிறவன் நாற்பது வயதுத் தடியனாக இருப்பான்.

குழந்தை சொன்ன பிறகு பெரியவர்கள் என்ன செய்கிறார்கள்? "குடும்ப மானம் போய்விடும்" என்று மூடி மறைக்கிறார்கள். தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பது குற்றம். அதற்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. பெரியவர்களுக்குத்தான் இந்தத் தண்டனை. சொல்லாமல் இருந்த குழந்தைக்கு எந்தத் தண்டனையும் இல்லை.

அரைகுறைப் பயம் இன்னொரு விபரீதத்தையும் செய்திருக்கிறது. 2018-ம் ஆண்டு மே மாதம், சென்னையிலிருந்து ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வம் கோவிலைத் தேடிக் காரில் போனது. வழியில் இருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். வட இந்தியாவிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்-அப்பில் வதந்தி பரவியிருந்த நேரம் அது. ஊரே திரண்டு அடித்தது. 65 வயது மூதாட்டி ஒருவர் இறந்தார். பேரக் குழந்தைகள் என்று நினைத்து மிட்டாய் கொடுத்த கை! சந்தேகம் வந்தவர்கள் போலீசுக்கு ஒரு போன் செய்திருந்தால் போதும். ஒரு உயிர் பிழைத்திருக்கும்.

வாய்ப்பாடு போல ஒரு எண்

முன்பெல்லாம் பிள்ளைகளுக்கு வீட்டு விலாசம் மனப்பாடம். இப்போது எண்கள் எல்லாம் செல்போனுக்குள் இருக்கின்றன. அப்பாவின் எண் அப்பாவுக்கே தெரிவதில்லை! தொலைந்து போன குழந்தையிடம் "அம்மா பேர் என்ன?" என்று கேட்டால், "அம்மா" என்கிறது. போலீஸ்காரர் என்ன செய்வார்? அம்மா, அப்பா பெயர், தெருப் பெயர், ஊர்ப் பெயர், ஒரு போன் எண். இந்த நான்கையும் இரண்டாம் வாய்ப்பாடு சொல்லித் தருவதற்கு முன்பே சொல்லித் தந்துவிட வேண்டும்.

கூட்டத்தில் கை விட்டுப்போனால் ஓடக் கூடாது. நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும். தேடி வருகிறவர்கள் அங்கேதான் திரும்பி வருவார்கள். உதவி கேட்கவேண்டுமானால் உடுப்பு போட்ட போலீஸ்காரரிடம் கேட்கலாம். டிக்கெட் கொடுக்கிறவரிடம், கடைக்காரரிடம், குழந்தையோடு வந்திருக்கும் ஒரு பெண்ணிடம் கேட்கலாம். "உன் அப்பாவுக்கு அடிபட்டுவிட்டது, என்னோடு வா" என்று பள்ளிக்கூட வாசலில் யாராவது கூப்பிட்டால்? அதற்கு ஒரு தந்திரம் உண்டு. வீட்டில் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளவேண்டும். முருங்கைக்காய் என்றே வைத்துக்கொள்ளலாம். வந்தவர் அந்தச் சொல்லைச் சொன்னால்தான் போகவேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குள்ளேயே திரும்பி ஓடிவிட வேண்டும்.

அவசரத்துக்குப் போலீசை அழைக்க 100 அல்லது 112. குழந்தைகளுக்கென்றே உள்ள எண் 1098. பத்து, ஒன்பது, எட்டு என்று தலைகீழாக எண்ணினால் குழந்தைக்கு மறக்காது. 1996-ம் ஆண்டில் மும்பையில் தொடங்கிய சேவை அது. 2023-ம் ஆண்டு முதல் 112-உடன் இணைத்து அரசாங்கமே நடத்துகிறது. காசு கிடையாது. குழந்தையே பேசலாம்.

கேரளத்தில் 2010-ம் ஆண்டில் 127 பள்ளிக்கூடங்களில் மாணவர் போலீஸ் படை ஒன்றைத் தொடங்கினார்கள். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள் காக்கி போட்டு அணிவகுக்கிறார்கள். சட்டம் படிக்கிறார்கள். போலீஸ் நிலையத்துக்கு நேரில் போய்ப் பார்க்கிறார்கள். 2018-ம் ஆண்டு ஜூலையில் இத்திட்டம் நாடு முழுவதற்கும் விரிந்தது. சென்னைப் போலீசார் குடிசைப் பகுதிகளில் சிறுவர் சிறுமியர் மன்றங்கள் நடத்துகிறார்கள். மாலையில் பாடமும் விளையாட்டும் நடக்கின்றன. பாரா நிற்பவரைப் பெயர் சொல்லி "அண்ணே" என்று கூப்பிடும் பிள்ளைகள் அங்கே உண்டு.

காணும் பொங்கலன்று சென்னைக் கடற்கரையில் எள் போட்டால் எள் விழாது. அன்று போலீசார் குழந்தைகளின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிவிடுகிறார்கள். குழந்தையின் பெயரும் பெற்றோரின் போன் எண்ணும் அதில் எழுதப்படுகின்றன. தொலைந்த குழந்தையைக் கண்டவர் பட்டையைப் பார்த்து எண்ணைச் சுழற்றினால் போதும். எழுதும்போது பெற்றோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கடற்கரைக்குக் கையோடு கொண்டுவந்த போனின் எண்ணைத்தான் சொல்லவேண்டும். வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்த போனின் எண்ணைச் சொன்னால், அழுகிற குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, யாருமில்லாத வீட்டில் மணி அடிப்பதை அந்தப் போலீஸ்காரர் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்!